காலை விடுங்கள் அக்கா, முதலில் கையைப் பார்க்கச் சொல்லுங்கள்

மெல்பர்ன், டாண்டினோங் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன் (ஃபுட்டி என்பது ஆஸ்திரேலியக் கால்பந்து, ஏஎஃப்எல் அதன் தொழில்முறை லீக், டிராஃப்ட் என்பது கிளப்புகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பது, பண்டர் என்பவர் பந்தைக் கையிலிருந்து விட்டு உதைப்பவர்):

"மகனுக்கு 20 வயது. 8 வயதிலிருந்து ஃபுட்டி ஆடுகிறான், இடதுகால் ஆட்டக்காரன். ஏஎஃப்எல் டிராஃப்டில் இரண்டு வருடம் பெயர் வரவில்லை. இப்போது அமெரிக்கக் கால்பந்தில் பண்டர் ஆகப்போகிறேன், ஒரு வருடம் பயிற்சி எடுத்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகமே படிப்புச் செலவு முழுவதையும் கொடுக்கும் என்கிறான். பயிற்சிக்குப் பணம் கேட்கிறார்கள். கணக்கியல் படிப்பில் முதல் வருடம் முடித்திருக்கிறான், அதை விட்டுவிடப் போகிறானாம். போன வருடம் இடது தொடை இடுக்கில் வலி வந்து 2 மாதம் ஆடவில்லை. இது நம்பக்கூடிய வழியா? அவன் உடம்பு தாங்குமா? தினமும் இருட்டும் வரை உதைத்துக்கொண்டே இருக்கிறான்."

அக்கா,

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். வழி உண்மையானது. நான் பிசியோதெரபிஸ்ட், ஃபுட்டி ஆடுபவர்களின் தொடையையும் இடுப்பையும் பல வருடமாகப் பார்த்துவருகிறேன், இந்த வழியில் போன பையன்களையும் பார்த்திருக்கிறேன், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். ஆனால் உங்கள் மகன் எதற்காகப் போகிறான் என்பதை நீங்கள் இருவரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கிறீர்களா என்பது எனக்குச் சந்தேகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்கு 10 யார்டு முன்னேற 4 வாய்ப்பு உண்டு. மூன்றில் முடியவில்லை என்றால் நான்காவதில் பெரும்பாலும் பந்தைக் கையிலிருந்து விட்டு உதைத்து, எதிரணி எவ்வளவு பின்னாலிருந்து தொடங்க முடியுமோ அவ்வளவு பின்னால் தள்ளிவிடுவார்கள். அந்த உதைதான் பண்ட். ஃபுட்டியில் ஒரு பிள்ளை எட்டு வயதிலிருந்து செய்வதும் கையிலிருந்து விட்டு உதைப்பதைத்தான், அதனால்தான் இந்தப் பாலம் இருக்கிறது.

பாலம் பழையது. மெல்பர்னில் ஃபுட்டி ஆடி வளர்ந்த பாட் ஓடீ 1890களின் கடைசியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போய், 1898 இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 62 யார்டு தூரத்திலிருந்து டிராப் கிக் (பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது உதைப்பது) அடித்தார். 'கங்காரு கிக்கர்' என்றுதான் அவரை அங்கே அழைத்தார்கள். நம் காலத்தில் கதவைத் திறந்தவர் டேரன் பென்னட். மெல்பர்ன் கிளப்பின் ஃபார்வர்டு, தேனிலவுக்கு அமெரிக்கா போன இடத்தில் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணியிடம் போய் உதைத்துக் காட்டினார். 1995 இல் அவர்களுக்காக ஆடத் தொடங்கி அந்த வருடமே லீகின் நட்சத்திர வீரர்கள் ஆடும் ப்ரோ போலுக்குத் தேர்வானார், பிறகு 90களின் சிறந்த வீரர்கள் அடங்கிய என்எஃப்எல் அணியிலும் அவர் பெயர் வந்தது. அவருக்குப் பிறகு ஜீலாங் கிளப்பின் அணித்தலைவராக இருந்த பென் கிரஹாம், 219 ஆட்டம் ஆடி முடித்துவிட்டு 2005 இல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். 2009 இல் அரிசோனாவுக்காக என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் போல் ஆடியபோது, ஏஎஃப்எல் இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனலும் சூப்பர் போலும் இரண்டும் ஆடிய முதல் ஆள் ஆனார். சேவ் ரோக்கா 748 கோல் அடித்துவிட்டு 33 வயதில் பிலடெல்பியாவுக்குப் போனார்.

ஆனால் உங்கள் மகன் போக நினைப்பது இவர்கள் போன வழி இல்லை. இவர்கள் ஏஎஃப்எல்லில் ஒரு வாழ்க்கையையே முடித்துவிட்டு நேராகத் தொழில்முறை அணிக்குப் போனவர்கள். இப்போதைய வழி பல்கலைக்கழகம் வழியாகப் போகிறது. முன்பு பிரிஸ்பேன் லயன்ஸில் ஆடிய நேதன் சாப்மன் 2007 இல் மெல்பர்னில் ப்ரோகிக் ஆஸ்திரேலியாவைத் தொடங்கியபின் இது பெரிய சாலையாகிவிட்டது. டிராஃப்டில் பெயர் வராதவர்கள், கிளப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டவர்கள், வேறு வேலையில் இருந்தவர்கள் எல்லாம் அதில் போனார்கள். கல்லூரி அளவில் சிறந்த பண்டருக்குத் தரும் ரே கை விருதை 2013 முதல் 2017 வரை தொடர்ந்து ஐந்து வருடம் ஆஸ்திரேலியர்கள்தான் வாங்கினார்கள், அதில் டாம் ஹேக்கெட் இரண்டு முறை. மிட்ச் விஷ்னவ்ஸ்கி பெர்த்தில் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தவர். சான்டா பார்பராவில் ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்து, அங்கிருந்து யூட்டா பல்கலைக்கழகம் போய், 27 வயதில் சான் பிரான்சிஸ்கோவின் என்எஃப்எல் அணி அவரை எடுத்தது. மைக்கேல் டிக்சன் சிட்னி ஸ்வான்ஸ் அகாடமியில் இருந்தவர், ஏஎஃப்எல் டிராஃப்டில் அவரையும் யாரும் எடுக்கவில்லை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆட்டத்தில் பண்டராகவே ஆட்ட நாயகன் விருது வாங்கினார், 2018 இல் சியாட்டில் எடுத்தது, முதல் வருடத்திலேயே ஆல்-ப்ரோ, அதாவது அந்த வருடத்தின் சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம். டிராஃப்டில் பெயர் வராத வலி உங்கள் வீட்டில் இன்னும் இருக்கும் என்று தெரிகிறது, அதனால்தான் டிக்சனைச் சொன்னேன்.

சரி, இனி மகனை உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய கணக்கு. என்எஃப்எல்லில் 32 அணி. ஒவ்வொன்றிலும் ஒரு பண்டர். அவ்வளவுதான், 32 வேலை. அதில் நன்றாக ஆடுபவர் பத்து வருடத்துக்கு மேல்கூட இடத்தைவிட்டு நகரமாட்டார், ஓடி இடித்து ஆடும் இடம் இல்லையே. நான் மேலே சொன்ன பெயர்கள் எல்லாம் மேலே வந்தவர்களுடையவை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியப் பையன்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போயிருக்கிறார்கள், பெரும்பாலோர் என்எஃப்எல் ஆடவில்லை. அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தமா? இல்லவே இல்லை. கடன் இல்லாமல் ஒரு பட்டம், 80,000 பேர் முன்னால் நான்கு வருடம் ஆடிய அனுபவம், ஒரு நாடு முழுக்க நண்பர்கள். என்னிடம் சிகிச்சைக்கு வந்து போனவர்களில் நிம்மதியாகத் திரும்பி வந்தவர்கள் படிப்புக்காகப் போனவர்கள்தான். என்எஃப்எல் கிடைக்காவிட்டாலும் அந்தப் பட்டத்துக்காக அந்த ஊரில் நான்கு வருடம் இருக்க உனக்கு விருப்பமா என்று கேளுங்கள். ஆம் என்றால் அனுப்புங்கள். தயங்கினால் இன்னும் கொஞ்சம் பேசுங்கள்.

அதனால் கணக்கியல் படிப்பை அப்படியே விட்டுவிடுவது எனக்குச் சம்மதம் இல்லை. இங்கேயுள்ள பல்கலைக்கழகங்கள் பொதுவாக இடைவிடுப்பு தருகின்றன, அதைக் கேட்டு வாங்கட்டும். கூடவே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ இதுவரை வைத்திருக்கும் விதிப்படி, முதல் பிரிவில் ஐந்து வருடத்துக்குள் நான்கு பருவம் ஆடலாம், அந்த ஐந்து வருடக் கடிகாரம் ஒருவர் எந்த நாட்டில் என்றாலும் சரி, முழுநேரக் கல்லூரி மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். அவன் முழுநேரமாகப் படித்திருந்தால் ஒரு வருடம் ஏற்கெனவே போயிருக்கலாம். விதிகள் இப்போது அடிக்கடி மாறுகின்றன, வயதை வைத்துக் கணக்கிடும் பேச்சும் இருக்கிறது. ஆகவே பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவுசெய்து எத்தனை பருவம் மீதி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 12 ஆம் வகுப்பு வரையான பாட மதிப்பெண்களையும் அங்கே பார்ப்பார்கள். 20 வயதே தாமதம் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள், மெல்பர்ன் பையன் டோரி டெய்லர் ஐயோவாவுக்கு முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு 23. 2023 இல் ஒரே பருவத்தில் 4,479 யார்டு பண்ட் அடித்து 1938 முதல் நின்ற சாதனையை முறித்தார், அடுத்த வருடம் சிகாகோ பேர்ஸ் எடுத்தது.

இனி ஆட்டத்துக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். என்னிடம் வரும் பையன்கள் எல்லோரும் "60 மீட்டர் உதைப்பேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கால் பலம் அவனுக்கு ஏற்கெனவே இருக்கிறது அக்கா, அது இந்தத் தொழிலுக்கு நுழைவுச்சீட்டு மட்டும்தான். மாற வேண்டியவை கையும் நேரமும். ஃபுட்டியில் அவன் உதைக்கும் டிராப் பண்டில் பந்தைச் செங்குத்தாகப் பிடித்து விட்டு அடி முனையில் உதைப்பான், பந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகும். பந்து நீளவாக்கில் சுழன்று போகும் அமெரிக்க உதையான ஸ்பைரலில் பந்து படுத்த வாக்கில், முனை கொஞ்சம் உள்பக்கம் திரும்பி, ஒரு தட்டை மேசையில் வைப்பதுபோல் ஆடாமல் இறங்க வேண்டும். புறங்காலின் எலும்பு மேட்டில் பட வேண்டும். கையை விட்டு விலகும்போது பந்து ஒரு விரல் அளவு சாய்ந்தாலும் காலில் படும் இடம் மாறிவிடும், எவ்வளவு வேகமாக உதைத்தாலும் பயன் இல்லை. அமெரிக்கப் பந்து ஃபுட்டியின் ஷெரின் பந்தைவிட எடை குறைவு, 400 கிராம் சுற்றி, முனையும் கூர்மை. தோளில் பேட், தலையில் ஹெல்மெட் போட்டபின் கை அசையும் விதமே வேறு.

நேரமும் அப்படித்தான். லாங் ஸ்நாப்பர் என்ற வீரர் தன் கால் நடுவே பந்தைப் பின்னால் வீசுகிறார், ஏறக்குறைய 15 யார்டு பின்னால் இவன் நிற்கிறான். பந்து கையில் பட்டதிலிருந்து காலைவிட்டுப் போகும் வரை 1.3 வினாடிக்குள் முடிய வேண்டும். ஃபுட்டியில் கோலுக்கு உதைக்கும்போது நாலைந்து அடி எடுத்து ஓடி வருவானே, அது இங்கே கிடையாது, இரண்டு அடிதான். ஆகவே முதல் இரண்டு மாதம் காலால் உதைப்பதைவிட அதிகமாகக் கையால் பந்தை விடட்டும். வரவேற்பறையில் நின்று பந்தை விட்டுத் தரைவிரிப்பில் படுத்தபடியே விழுகிறதா என்று பார்க்கட்டும், ஒரு நாளைக்கு 200 முறை என்றாலும் தசைக்கு ஒன்றும் ஆகாது. தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் பந்தை வீசச் சொல்லி, பிடித்து, இரண்டு அடி வைத்து, விட்டு... அதை மட்டும்.

தூரத்தைவிடப் பெரியது காற்றில் நிற்கும் நேரம், ஹேங் டைம் என்பார்கள். 4.5 வினாடி நின்றால் நல்ல பண்ட், தன் ஆட்கள் ஓடிப்போய்ச் சேர நேரம் கிடைக்கும். தாழ்வாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2023 சூப்பர் போலைப் பார்க்கச் சொல்லுங்கள். செயின்ட் கில்டாவில் ஆடிய அரின் சிப்போஸ் பிலடெல்பியாவுக்கு உதைத்த ஒரு தாழ்வான பண்ட்டைப் பிடித்து கதேரியஸ் டோனி 65 யார்டு திருப்பி ஓடினார், சூப்பர் போல் வரலாற்றிலேயே நீளமான பண்ட் ரிட்டர்ன் அதுதான். சிப்போஸ் டிசம்பரில் கணுக்காலில் அடிபட்டு இரண்டு மாதம் ஆடாமல் இருந்து அந்த ஆட்டத்தில்தான் திரும்பி வந்திருந்தார். ஒரு பிசியோவாக அந்த ஒரு உதையை நான் பலமுறை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன், என் மனம் அவரோடுதான் இருந்தது.

மகனின் ஃபுட்டி எங்கே கைகொடுக்கும் தெரியுமா? எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில். எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு 40 யார்டு இருக்கும்போது ஸ்பைரல் உதைத்தால் பந்து அந்தக் கோட்டைத் தாண்டி உருண்டு போய்விடும், அப்போது எதிரணிக்கு 20 யார்டு கோட்டிலிருந்து இலவசமாகப் பந்து. டிராப் பண்டின் பின்சுழற்சி தரையில் பட்டதும் பந்தை நிறுத்தும் அல்லது திருப்பும். அவர்களை 5 யார்டு, 8 யார்டு கோட்டில் சிக்க வைக்கலாம். அமெரிக்கப் பையன்கள் இதைப் பிறகு கற்றுக்கொண்டார்கள், இவனுக்கு இது கைவந்தது. அப்புறம் கல்லூரியில் பண்டர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே உதைப்பதும் நிறைய உண்டு, ஏனென்றால் கல்லூரி விதியில் ஸ்நாப் ஆனதும், அதாவது பந்து பின்னால் வீசப்பட்டதும், எல்லா வீரர்களும் முன்னால் ஓடலாம். என்எஃப்எல்லில் உதைக்கும் வரை ஓரத்து இருவர் மட்டுமே போக முடியும். ஓடிக்கொண்டே உதைப்பது ஃபுட்டி பிள்ளைக்கு மூச்சு விடுவது மாதிரி. அதோடு இவன் இடதுகால். இடதுகால் ஸ்பைரல் எதிர்ப்பக்கம் சுழலும், பிடிப்பவர்கள் பழகியது வலதுகால் பந்துக்கு. அது இவனுக்குச் சாதகம்.

இப்போது உடம்பு. நீங்கள் பயப்படும் இடி அங்கே குறைவுதான், உதைத்த பண்டரை மோதித் தள்ளினால் 15 யார்டு தண்டனை கிடைத்து, பந்தும் கைவிட்டுப் போய்விடும் என்பதால் எதிரணியே ஒதுங்கும். நான் பயப்படுவது குளிரையும் ஆர்வத்தையும். ஃபுட்டியில் ஒரு ஆட்டத்தில் 12, 13 கிலோமீட்டர் ஓடுகிறான், தசை சூடாகவே இருக்கிறது, உதைகளில் பாதி 30 மீட்டர் பாஸ். பண்டர் ஒரு ஆட்டத்தில் நாலைந்து முறைதான் உள்ளே போவான். ஐயோவாவிலோ விஸ்கான்சினிலோ நவம்பர் மாதக் குளிரில் அரை மணி நேரம் ஓரத்தில் நின்றுவிட்டு, திடீரென்று ஒரு முழு வேக உதை. முன்தொடைத் தசை இடுப்பையும் முழங்காலையும் இரண்டையும் தாண்டிப் போவது, கால் பின்னால் போகும்போது அது முழுக்க இழுபட்டு அப்படியே சுருங்க வேண்டும். கிழிவது அங்கேதான். அதனால்தான் நல்ல பண்டர்கள் தங்கள் அணி ஆடிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் வலையில் உதைத்துக்கொண்டு இருப்பார்கள்.

ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடம் முன்பு இதே கனவோடு ஒரு பையன் வந்தான், தசை பலம் எல்லாம் சோதித்து நன்றாக இருக்கிறது, போ என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை உதை என்று கேட்கவில்லை. அவன் தினமும் நூற்றுக்கு மேல் முழு வேகத்தில் உதைத்துக்கொண்டிருந்தான், முன்தொடை கிழிந்து, பயிற்சியாளர்கள் பார்க்க வந்த நாளில் வீட்டில் படுத்திருந்தான். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து முதல் கேள்வியே அதுதான், அதனால்தான் உங்கள் கடிதத்தில் "இருட்டும் வரை" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

ஆகவே இதைச் சொல்லுங்கள்: முழு உதை வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு 30க்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. கூட்டுவதானால் வாரத்துக்குக் கொஞ்சமாக, பத்தில் ஒரு பங்கு. எண்ணி நோட்டில் எழுதட்டும். தொடை இடுக்கு வலி அவனுக்கு உள்தொடைத் தசையிலிருந்தா, இடுப்பெலும்பு சேரும் இடத்திலிருந்தா என்பது தெரிய வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு பந்தை வைத்து அழுத்தும்போது வலித்தால் இன்னும் ஆறவில்லை, வலியோடு உதைக்கவே கூடாது. வலி இல்லை என்றால் கோபன்ஹேகன் பயிற்சி, அதாவது பக்கவாட்டில் கையூன்றி மேல் காலைப் பெஞ்சில் வைத்து உடம்பைத் தூக்குவது, வாரம் இரண்டு முறை. இரண்டு காலுக்கும்தான், உதைக்கும்போது உடம்பு முழுவதையும் தாங்குவது ஊன்றும் கால்.

பணம் கேட்கும் பயிற்சி இடத்தில் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். கடைசியாக அனுப்பிய பத்துப் பேர் எந்தப் பல்கலைக்கழகம், முழு ஸ்காலர்ஷிப்பா பாதியா, பட்டம் முடித்தார்களா. ஸ்காலர்ஷிப் நிச்சயம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், அதை முடிவு செய்வது அங்கேயுள்ள பயிற்சியாளர். "வாக்-ஆன்" என்ற வார்த்தை வந்தால் பணம் இல்லை என்று பொருள். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீகும் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. மாணவர் விசாவில் போகிறவனுக்கு வெளியே சம்பாதிக்கத் தடை இருக்கிறது, மற்ற வீரர்கள் விளம்பரத்தில் வாங்கும் பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கடிதம் வரும்போது அதில் இரண்டு விஷயம் பாருங்கள் அக்கா. ஸ்காலர்ஷிப் ஒரு வருடத்துக்கா, பல வருடத்துக்கா. தலைமைப் பயிற்சியாளர் மாறிப் புதியவர் தன் பண்டரைக் கொண்டுவந்தால் இவன் படிப்பு தொடருமா. ஆட்டத்தில் வரும் காயத்துக்கு மருத்துவச் செலவை முதல் பிரிவுக் கல்லூரிகள் படிப்பு முடிந்து குறைந்தது 2 வருடம் வரை ஏற்க வேண்டும், அதையும் எழுத்தில் கேளுங்கள். போன வருடத்து எம்ஆர்ஐ எடுத்திருந்தால் அறிக்கையையும், அவன் பந்தை விடுவதைப் பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ ஒன்றையும் அனுப்புங்கள். உதைக்க வேண்டாம், விடுவது மட்டும் போதும்.